பெரும்பான்மைப் பிள்ளை என்ன கற்கிறது? பல்பண்பாட்டுக் கல்வியும் பண்பாட்டிடைக் கல்வியும்

பல இனத்தவரும் பல மொழியினரும் கலந்து வாழும் நாட்டின் பாடசாலைகளுக்குப் பல்பண்பாட்டுக் கல்வி ஏற்றதா, பண்பாட்டிடைக் கல்வி ஏற்றதா, இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு வேறுபாடு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வேறுபாடு உண்டு. பல்பண்பாட்டுக் கல்வி ஒவ்வொரு சமூகத்தின் மொழிக்கும் வரலாற்றுக்கும் வழிபாட்டுக்கும் பாடசாலைக்குள் மதிப்பான இடத்தைக் கேட்கிறது. பண்பாட்டிடைக் கல்வி அதற்கு மேலும் சென்று, அந்தச் சமூகங்களின் பிள்ளைகள் ஒன்றாக இருந்து பழகி, ஒருவரிடம் ஒருவர் கற்று, முரண்படும் இடத்தில் பேசித் தெளிந்து, பொதுவானதொரு வாழ்வைச் சேர்ந்தே அமைக்க வேண்டும் என்கிறது. 2006ஆம் ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் கோடு கிழிக்கின்றன. பிற பண்பாடுகளைப் பற்றிக் கற்பித்து அவற்றை ஏற்கவோ, குறைந்தது பொறுத்துக்கொள்ளவோ செய்வது முதலாவது. அருகருகே வாழ்ந்துவிட்டுப் போவதைக் கடந்து உரையாடலும் மதிப்பும் உள்ள உறவை வளர்ப்பது இரண்டாவது.

வரையறை இவ்வளவுதான். ஆனால் இந்த வரையறையைக் கொண்டு ஒரு பாடசாலையையோ ஓர் அரசின் கொள்கையையோ மதிப்பிட முடியாது. ஒரே பெயரில் நடந்த திட்டங்கள் வெவ்வேறு இடங்களில் முற்றிலும் வேறான விளைவுகளைத் தந்திருக்கின்றன. ஆகவே, இரண்டு அணுகுமுறைகளும் ஒரே நாட்டுக்குள் அரை நூற்றாண்டாக அடுத்தடுத்த மாகாணங்களில் நடந்துவரும் கனடாவை முன்வைத்துப் பதில் சொல்கிறேன். ஈழத்திலிருந்து சென்ற தமிழர்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் ரொறன்ரோவில் பல்பண்பாட்டு முறையின் கீழும் கியூபெக் மாகாணத்தின் மொன்றியாலில் பண்பாட்டிடை முறையின் கீழும் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள் என்பதால், தமிழ் வாசகருக்கு இந்த ஒப்பீடு வெறும் வெளிநாட்டுச் செய்தியாக இருக்காது.

கனடாவின் பல்பண்பாட்டுக் கொள்கை பெரும்பாலும் 1971 அக்டோபர் 8 அன்று பிரதமர் பியர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையிலிருந்து தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. நாட்டுக்கு இரண்டு ஆட்சிமொழிகள் உண்டு, ஆட்சிப் பண்பாடு என்று ஒன்று இல்லை என்பதே அந்த உரையின் சாரம். அதற்குப் பின்னால் இருந்த போராட்டம் அதைவிடப் பழையது. மனிற்றோபா மாகாணத்தில் 1897 முதல் ஆங்கிலத்தோடு உக்ரேனிய மொழியிலும் போலிஷ், ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் கற்பித்த இருமொழிப் பாடசாலைகள் இருந்தன; 1916இல் மாகாண அரசு அவற்றை ஒரு சட்டத்தால் இல்லாமற் செய்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நாட்டை நிறுவிய இரண்டு இனங்கள் என்ற அடிப்படையில் 1963இல் இருமொழி, இருபண்பாட்டு ஆணைக்குழு அமைக்கப்பட்டபோது, மனிற்றோபா முதலிய புல்வெளி மாகாணங்களின் உக்ரேனியர்கள் தங்கள் முன்னோர் உழுது பண்படுத்திய நிலத்தில் தாங்கள் யார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் விளைவுகளில் ஒன்றுதான் 1971இன் அறிவிப்பு. 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனத்தில் 27ஆம் பிரிவும், 1988ஆம் ஆண்டின் பல்பண்பாட்டுச் சட்டமும் அதற்கு உறுதி சேர்த்தன.

ஆயினும் 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி கல்வி மாகாணங்களின் அதிகாரம். ஒட்டாவாவில் உள்ள நடுவண் அரசு அறிவித்தது பாடசாலை வாசலைத் தாண்ட வேண்டுமானால் மாகாணம் சம்மதிக்க வேண்டும். அல்பேர்ட்டா முதலில் சம்மதித்தது. ஆங்கிலமும் பிரெஞ்சும் தவிர்ந்த மொழிகளைப் பயிற்றுமொழியாக்க 1971இல் சட்டத்தைத் திருத்தி, 1974இல் எட்மன்ரன் நகரில் உக்ரேனிய, ஆங்கில இருமொழி வகுப்புகளைத் தொடங்கியது. அங்கே அரை நாள் ஒரு மொழியிலும் அரை நாள் மற்றொரு மொழியிலும் பாடம் நடந்தது. சமூகக் கல்வி போன்ற பாடங்கள் உக்ரேனிய மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. பின்னர் மண்டரின், அரபு, ஹீப்ரு, ஜேர்மன் மொழிகளும் அதே நகரில் அந்த இடத்தைப் பெற்றன. ஒன்ராறியோ இவ்வளவு தூரம் போகவில்லை. 1977இல் அது மரபுமொழித் திட்டத்தைத் தொடங்கியது. போதிய எண்ணிக்கையில் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் கல்விச் சபை அந்த மொழி வகுப்பை நடத்தலாம் (பின்னர் அது கட்டாயமானது), வாரத்துக்கு அதிக அளவு இரண்டரை மணி நேரம், அதுவும் வழக்கமான பாடநேரத்துக்கு வெளியே என்பது விதி. பன்னாட்டு மொழிகள் திட்டம் என்ற பெயரில் இன்றும் அதுதான் நடக்கிறது. ரொறன்ரோவின் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் அ, ஆ எழுதப் பழகியது சனிக்கிழமைக் காலைகளில் நடக்கும் இந்த வகுப்புகளில்தான்.

இதன் பயனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979 முதல் முன்வைத்த கருத்து ஒன்று இதற்கு அடித்தளமாக இருக்கிறது. புதிய நாட்டுக்கு வரும் பிள்ளை விளையாட்டு மைதானத்தில் பேசும் அளவுக்கு ஆங்கிலத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் பிடித்துக்கொள்ளும். ஆனால் அறிவியல் பாடத்தையோ வரலாற்றுப் பாடத்தையோ வாசித்து விளங்கி எழுதும் மொழித்திறனில் தன் வயதொத்த பிள்ளைகளை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் எடுக்கும். சரளமாகப் பேசுகிறதே என்று நம்பி ஆசிரியர் உதவியை நிறுத்திவிட, பிள்ளை மெல்லப் பின்தங்கிப் போகிறது. தாய்மொழியில் அமைந்த வாசிப்பும் சிந்தனையும் இரண்டாம் மொழிக்குக் கைமாறிப் பயன்படுகின்றன என்பதும் அவர் சொன்னதுதான். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், பிள்ளை குழம்பும் என்று ஒரு காலத்தில் ஆசிரியர்கள் சொன்ன அறிவுரை எவ்வளவு தீங்கானது என்பதை இந்த ஆய்வுகள் காட்டின. ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவில் தோர்ன்வுட் பொதுப் பாடசாலையில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய முயற்சியில், பிள்ளைகள் தங்கள் கதைகளை ஆங்கிலத்திலும் வீட்டு மொழியிலும் பக்கத்துக்குப் பக்கம் எழுதிப் படம் வரைந்து நூலாக்கினார்கள். ஆசிரியருக்குத் தெரியாத மொழியில் பெற்றோரும் தாத்தா பாட்டியரும் உதவினார்கள். ஒரு மொழியை அறியாத ஆசிரியரும் அந்த மொழிக்குத் தன் வகுப்பில் இடம் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

குறை எங்கே என்றால், இடம் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று பாடசாலை நினைத்துக்கொள்வதில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் பண்பாட்டு விழா, பிள்ளைகள் பட்டு உடுத்தி வருவது, பெற்றோர் வடையும் சம்பலும் செய்து கொடுப்பது, அடுத்த நாள் அதே பழைய பாடநூல். இங்கிலாந்தில் 1980களில் இதைச் சேலை, சமோசா, எஃகு மேளக் கல்வி என்று சொல்லியே இனவாத எதிர்ப்பாளர்கள் கண்டித்தார்கள். அமெரிக்காவில் பல்பண்பாட்டுக் கல்விக்குக் கோட்பாட்டு அடிப்படை அமைத்தவர்களில் முதன்மையானவரான ஜேம்ஸ் பேங்க்ஸ், பாடத்திட்டச் சீர்திருத்தத்தை நான்கு படிகளாகப் பார்க்கிறார். விழாவையும் வீரர்களையும் சேர்ப்பது முதற்படி. இருக்கும் பாடத்தோடு ஓர் அலகை ஒட்டுவது இரண்டாவது. பாடத்தின் பார்வையையே மாற்றி ஒரு நிகழ்வைப் பல சமூகங்களின் நிலையிலிருந்து பார்க்க வைப்பது மூன்றாவது. கற்றதைக் கொண்டு மாணவர் தம் சூழலின் அநீதியில் செயல்படுவது நான்காவது. பெரும்பாலான பாடசாலைகள் முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிடுகின்றன. ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டப்படி சனவரி தமிழ் மரபுத் திங்கள். அது எனக்கும் பெருமை தருவதுதான். ஆனால் அந்த மாதத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடக்கும் நடனம், இந்த மக்கள் ஏன் கடல் கடந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு வகுப்பறையில் இடம் திறக்காவிட்டால், நடனத்தைப் பார்த்த பிள்ளைக்குத் தமிழரைப் பற்றி முன்பு தெரிந்ததைவிட அதிகம் தெரிந்துவிடாது.

பிரிவு பற்றிய அச்சமும் உண்டு. 2009 செப்டம்பரில் ரொறன்ரோவில் ஆபிரிக்க வரலாற்றையும் பண்பாட்டையும் மையமாகக் கொண்ட மாற்றுப் பொதுப் பாடசாலை ஒன்று திறக்கப்பட்டபோது, நிறத்தால் பிரித்த பழைய காலத்துக்குத் திரும்புகிறோமா என்று பலர் கேட்டார்கள். பொதுப் பாடசாலைகளில் தங்கள் பிள்ளைகள் இடைவிலகிப்போவதைக் கண்டு களைத்த பெற்றோர் விரும்பிக் கேட்டது அது. மேலிருந்து விதிக்கும் பிரிப்பையும், புறக்கணிப்புக்கு விடையாகக் கீழிருந்து எழும் இத்தகைய கோரிக்கையையும் ஒன்றாக வைத்து எடைபோடுவது நியாயமில்லை. அதே ஒன்ராறியோ கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு மட்டும் முழு அரசுப் பணம் கொடுத்து மற்றச் சமயத்தினருக்கு மறுப்பது பாகுபாடு என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 1999இல் தீர்ப்பளித்தது, ஏற்பாடு மாறவில்லை. பல்பண்பாடு என்று பெயர் வைத்த அமைப்புக்குள்ளும் பழைய அதிகார ஒழுங்கு எவ்வளவு ஆழமாகக் கிடக்கிறது என்பதற்கு இது சான்று.

இனிக் கியூபெக். 1971இல் ட்ரூடோ அறிவித்த கொள்கையை அன்றைய கியூபெக் முதல்வர் ரொபேர்ட் பூராசா உடனே மறுத்தார். வட அமெரிக்காவின் ஆங்கிலக் கடலுக்குள் பிரெஞ்சு பேசும் சிறிய சமூகமாகிய தாங்கள், பல பண்பாடுகளில் ஒன்றாகக் கரைக்கப்படுவதை அவர்கள் விரும்பவில்லை. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் குடிவரவாளர் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆங்கிலப் பாடசாலையில் சேர்ந்தார்கள். மொன்றியால் தீவின் சென்-லெயோனார்டில், இத்தாலியக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சு மொழிப் பாடசாலைக்கே அனுப்ப வேண்டும் என்று உள்ளூர்க் கல்விச் சபை முடிவெடுத்ததை ஒட்டி 1969 செப்டம்பரில் தெருக்கலவரமே நடந்தது. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனம், அதாவது பரவலாக அறியப்படும் 101ஆம் சட்டம், குடிவரவாளர் பிள்ளைகள் இடைநிலைக் கல்வி முடியும்வரை பிரெஞ்சுப் பாடசாலையில் படிப்பதைக் கட்டாயமாக்கியது. இன்று அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பிரெஞ்சில் படிக்கிறார்கள். மொன்றியாலின் பார்க் எக்ஸ்ரென்ஷன், கோட்-டெ-நெய்ஜ் பகுதிகளில் வளர்ந்த தமிழ் இளைஞர் வீட்டில் தமிழும் பாடசாலையில் பிரெஞ்சும் வெளியில் ஆங்கிலமுமாக மூன்று மொழிகளைக் கையாள்வதற்கு இந்தச் சட்டமே காரணம்.

இதைத் திணிப்பு என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. நான் அப்படிச் செய்யமாட்டேன். 101ஆம் சட்டம் செய்த ஒரு வேலையைப் பல்பண்பாட்டுக் கொள்கையால் செய்ய முடியவில்லை. அது பிரெஞ்சுப் பாடசாலையையே மாற்றிவிட்டது. அதுவரை பெரும்பாலும் ஒரே இனமும் ஒரே சமயமுமாக இருந்த வகுப்பறைக்குள் ஹெயிட்டியரும் வியட்நாமியரும் லெபனானியரும் தமிழரும் வந்து அமர்ந்தார்கள். வந்தவர்களுக்கு முதலில் பிரெஞ்சு கற்பிக்க வரவேற்பு வகுப்புகள் இருந்தன. 1977 அளவிலேயே இத்தாலியம், போர்த்துக்கீசம், கிரேக்கம், ஸ்பானியம் முதலிய மொழிகளைக் கற்பிக்கும் திட்டமும் தொடங்கியது. கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துக் கல்விச் சபைகள் 1998இல் பிரெஞ்சு, ஆங்கிலச் சபைகளாக மாற்றியமைக்கப்பட்டன. அதே ஆண்டில் மாகாணக் கல்வி அமைச்சு வெளியிட்ட கொள்கை ஆவணம் பண்பாட்டிடைக் கல்வி என்ற பெயரையே தலைப்பில் தாங்கியது. வாய்ப்பில் சமத்துவம், பிரெஞ்சில் தேர்ச்சி, பன்மைச் சூழலில் குடியுரிமைக் கல்வி என்பன அதன் மூன்று அடிப்படைகள். புதிதாக வருபவரும் ஏற்கும் சமூகமும் இருவருமே மாறத் தயாராக வேண்டும் என்று அது வெளிப்படையாகச் சொல்லியது.

2008இல் வந்த ஒழுக்கவியலும் சமயப் பண்பாடும் என்ற பாடம் அந்தச் சிந்தனையின் உச்சம் என்று கருதுகிறேன். தொடக்கப் பாடசாலையிலிருந்து இடைநிலை இறுதிவரை, கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சமயமற்ற பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்து எல்லாச் சமயங்களையும் பற்றிக் கற்று, ஒழுக்கச் சிக்கல்களைப் பற்றி ஒழுங்குபட விவாதிக்கப் பயிற்றிய பாடம் அது. உரையாடலே ஒரு திறனாகக் கற்பிக்கப்பட்டு மதிப்பிடப்பட்டது. தங்கள் பிள்ளைகளின் சமய நம்பிக்கை குலையும் என்று வழக்குப்போட்ட பெற்றோரின் கோரிக்கையை 2012இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பின்வந்த அரசு அந்தப் பாடத்தை நீக்கி, 2024 முதல் கியூபெக்கின் பண்பாடும் குடியுரிமையும் என்ற வேறொரு பாடத்தை அந்த இடத்தில் வைத்தது. அது ஒரு இழப்பு என்றே நினைக்கிறேன்.

கியூபெக் முறையின் பலவீனம் வேறு பக்கத்தில் இருக்கிறது. உரையாடல் நடப்பதாகச் சொல்லப்படும் மேசையில் ஒருவரே மொழியையும் விதியையும் தீர்மானித்தால், அடுத்தவர் பேசுவதற்கு என்ன மிஞ்சுகிறது? 2001இல் மொன்றியாலில் சீக்கிய மாணவர் ஒருவர் சமய வழக்கப்படி அணிந்திருந்த கிர்பான் என்ற குறுவாள் பாடசாலை முற்றத்தில் தவறி விழுந்தது. அதை ஆடைக்குள் தைத்து மூடி அணியலாம் என்று கல்விச் சபைக்கும் குடும்பத்துக்கும் இடையில் முதலில் உடன்பாடு ஏற்பட்டது. பாடசாலையின் ஆளுகைக் குழு அதை நிராகரித்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாணவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. முழுத் தடை விதித்தால், சில சமய வழக்கங்களுக்கு மற்றவற்றுக்கு உள்ள பாதுகாப்பு இல்லை என்ற செய்தியே மாணவர்களைச் சென்றடையும் என்று நீதிமன்றம் கருதியது. அதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பில் 2007இல் சமூகவியலாளர் ஜெரார் பூஷார், மெய்யியலாளர் சார்ல்ஸ் ரெய்லர் ஆகியோரின் தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. மாகாணமெங்கும் மக்களைக் கேட்டு 2008இல் அவர்கள் கொடுத்த அறிக்கை, நீதிபதி, அரச வழக்குத் தொடுநர், காவலர், சிறைக்காவலர் ஆகியோர் சமய அடையாளம் அணியக் கூடாது, ஆசிரியர்கள் அணியலாம் என்றது. 2019இல் நிறைவேறிய 21ஆம் சட்டம் ஆசிரியரையும் தடைக்குள் சேர்த்தது. முக்காடணிந்த ஓர் இளம் பெண் புதிதாகப் பொதுப் பாடசாலையில் ஆசிரியராக முடியாது. முக்காடணிந்த மாணவி அந்த வகுப்பில் இருக்கலாம். தன்னைப்போல ஒருத்தி கரும்பலகைக்கு முன்னால் நிற்கக் கூடாது என்பதை அந்த மாணவி பாடநூல் இல்லாமலே கற்றுக்கொள்கிறாள். பண்பாட்டிடைக் கல்வியை உண்மையாக விரும்புகிறவர் இந்தச் சட்டத்தை எப்படி ஆதரிக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு தடை அமைப்பிலேயே இருக்கிறது. கியூபெக்கில் இடைநிலை மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரச மானியம் பெறும் தனியார் பாடசாலையில் படிக்கிறார். பொதுப் பாடசாலைகளும் தெரிவு முறையில் சிறப்புத் திட்டங்களை நடத்துகின்றன. மாகாணத்தின் கல்வி உயர்பேரவை 2016இல் இந்தப் பிரிவினையைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தது. வசதியுள்ள குடும்பங்கள் விலகிப் போன வகுப்பில் பண்பாட்டிடை உரையாடலை யார் யாரோடு நடத்துவது?

இங்கே நான் பயன்படுத்தும் உரைகல்லைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் திட்டத்தைப் பற்றியும் நான் முதலில் கேட்பது, இதில் பெரும்பான்மைப் பிள்ளை என்ன கற்கிறது என்பதுதான். இங்கிலாந்தில் 1985இல் வந்த சுவான் அறிக்கையின் தலைப்பே எல்லாருக்குமான கல்வி என்பது. சிறுபான்மைப் பிள்ளைகளை என்ன செய்வது என்று ஆராய அமர்த்தப்பட்ட குழு, வெள்ளையர் மட்டுமே படிக்கும் பாடசாலைகளிலும் கல்வி மாற வேண்டும் என்று முடிவு சொன்னது; அது பெரிய திருப்பம். அதே குழு தாய்மொழிக் கல்வியைப் பொதுப் பாடசாலையின் பொறுப்பாக ஏற்க மறுத்துச் சமூகங்களின் தலையில் விட்டதும் உண்மை. எக்குவடோரில் நிலைமை இன்னும் தெளிவு. 1940களில் டோலோரெஸ் காகுவாங்கோ என்ற பூர்வகுடித் தலைவி கயாம்பே பகுதியில் கிச்சுவா மொழியும் ஸ்பானிய மொழியும் சேர்ந்த பாடசாலைகளைத் தொடங்கினார். 1988இல் பூர்வகுடி அமைப்புகளின் போராட்டத்தால் பண்பாட்டிடை இருமொழிக் கல்விக்கென்று தேசிய இயக்ககமே உருவானது. மலைக் கிராமத்துக் கிச்சுவாப் பிள்ளை இரண்டு மொழிகளையும் இரண்டு உலகங்களையும் கற்றது. தலைநகர் கீட்டோவின் ஸ்பானியம் பேசும் பிள்ளையோ பெரும்பாலும் ஒன்றையே கற்றது. இடையில் நின்று இரு பக்கமும் போய்வரும் சுமை எளியவர் மீதே விழுந்தது.

இந்த உரைகல்லில் கனடாவின் இரு பாதைகளுமே ஓரிடத்தில் தோற்கின்றன. 1971இல் பல்பண்பாட்டை அறிவித்த அதே அரசின் கீழ் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான வதிவிடப் பாடசாலைகள் இயங்கிக்கொண்டிருந்தன. 1,50,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டு அங்கே வளர்க்கப்பட்டார்கள். கடைசிப் பாடசாலை 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டது. 1972இல் பூர்வகுடித் தலைவர்கள் தங்கள் கல்வி தங்கள் கையில் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். நோவா ஸ்கோஷியாவின் மிக்மாக் சமூகங்களுக்கு 1998ஆம் ஆண்டின் சட்டம் அந்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்தச் சமூகங்களில் இடைநிலைக் கல்வியை முடிக்கும் மாணவர்களின் விகிதம், நாடெங்கும் உள்ள பூர்வகுடிக் குடியிருப்புகளின் சராசரியைவிட மிக உயர்வாக இருந்துவருகிறது. பெரும்பான்மைப் பிள்ளையின் பக்கத்திலும் ஓர் அசைவு தெரிகிறது: 2023-24 கல்வியாண்டிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் பூர்வகுடிகளைப் பற்றிய பாடத்தைப் படிக்காமல் எந்த மாணவரும் இடைநிலைக் கல்வியை நிறைவு செய்ய முடியாது.

வகுப்பறைக்குள் கலந்து இருத்தினால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1954இல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் எழுதியது இன்றும் நிற்கிறது: சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகியவை இருந்தால்தான் நெருக்கம் வெறுப்பைக் குறைக்கும். 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இனப்பிரிவு நீக்கப்பட்ட பாடசாலைகளில் சண்டைகள் வெடித்தபோது, உளவியலாளர் எலியட் அரன்சன் இதைச் செயலாக்கினார். பாடத்தை ஐந்தாறு துண்டுகளாகப் பிரித்து, கலந்த சிறு குழுவின் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கவனமாகக் கேட்காமல் யாராலும் முழுப் பாடத்தையும் அறிய முடியாது. ஸ்பானியம் கலந்த தயக்கமான ஆங்கிலத்தில் பேசும் பிள்ளையை ஏளனம் செய்தவர்கள், அந்தப் பிள்ளையிடம் பொறுமையாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். செலவே இல்லாத முறை. எந்த ஊர் ஆசிரியரும் நாளைக்கே செய்து பார்க்கலாம். வட அயர்லாந்தில் 1981இல் 28 மாணவர்களோடு பெற்றோர் தொடங்கிய லேகன் கல்லூரி, கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் படிக்கவைக்கும் இயக்கமாக வளர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அத்தகைய பாடசாலைகளில் படிப்போர் பத்தில் ஒருவரை எட்டவில்லை என்பது, பழைய பிரிவினைகள் எவ்வளவு பிடிவாதமானவை என்பதைக் காட்டுகிறது.

இலங்கையைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை சிங்கள மொழிமூலமோ தமிழ் மொழிமூலமோ கற்பிப்பவை. ஒரே ஊரில் வாழும் பிள்ளைகள் இருவேறு வாசல்களுக்குள் போகிறார்கள். தாய்மொழியில் கற்கும் உரிமை பெறுமதி மிக்கது, அதை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சந்திப்புக்கு வழி வைக்காமல் அதை மட்டும் வைத்தபோது, ஒரு தலைமுறை மற்ற இனத்துப் பிள்ளையைச் சோதனைச் சாவடியில் முதன்முதலாகப் பார்த்தது. 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கை ஒன்று வந்தது. இரண்டாம் தேசிய மொழிப் பாடமும் இருக்கிறது. தமிழ் கற்பிக்கத் தகுந்த ஆசிரியர் இல்லாத சிங்களப் பாடசாலையில் அந்தப் பாடம் நேர அட்டவணையில் மட்டுமே இருக்கும். பெரும்பான்மைப் பிள்ளை என்ன கற்கிறது என்ற கேள்வி அங்கேதான் மிகக் கூர்மையாக எழுகிறது.

எனவே உங்கள் கேள்விக்கு என் விடை, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வது தவறான தொடக்கம் என்பது. பிள்ளையின் மொழிக்கும் நினைவுக்கும் பாடநேரத்துக்குள்ளேயே இடம் வேண்டும். சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்த இடம் போதாது. அந்த இடம் உறுதியான பிறகே சந்திப்பு சமமானதாக இருக்கும். அந்த உறுதி இல்லாமல் நடத்தும் சந்திப்பு கரைத்துக்கொள்வதாக முடிகிறது. சந்திப்பு இல்லாத இடம் ஒதுக்கிவைப்பதாக முடிகிறது. எட்மன்ரனின் இருமொழி வகுப்பையும் கியூபெக்கின் கைவிடப்பட்ட அந்த உரையாடல் பாடத்தையும் ஒரே பாடசாலையில் சேர்த்து வைத்தால் நான் விரும்பும் கல்வி கிடைக்கும்.

அதன் கடினமான சோதனை ஒன்று இப்போதே ஒன்ராறியோவில் இருக்கிறது. 2021இல் அந்த மாகாணம் மே 18இல் முடியும் வாரத்தைத் தமிழினப்படுகொலைக் கல்வி வாரமாகச் சட்டம் இயற்றியது. கனடாவில் வாழும் சிங்கள அமைப்புகள் அதை நீதிமன்றத்தில் எதிர்த்தன. சட்டம் தமிழரின் நினைவுக்கு இடம் கொடுத்தது, அது நீண்ட காலம் மறுக்கப்பட்ட இடம். ஆனால் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு வகுப்பறையில் முள்ளிவாய்க்காலில் உறவை இழந்த வீட்டுப் பிள்ளையும், குண்டுவெடிப்பில் உறவை இழந்த கொழும்புக் குடும்பத்தின் பிள்ளையும் சேர்ந்து இருந்தால், ஆசிரியர் அந்தப் பாடத்தை எப்படி நடத்துவார்? உண்மையை மழுப்பாமலும், எதிரில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளையை ஓர் அரசின் குற்றத்துக்குப் பொறுப்பாளியாக்காமலும் பேச வேண்டும். அதற்கு ஐ.நா. அறிக்கைகளையும் உயிர்தப்பியோர் சாட்சியங்களையும் வயதுக்கேற்பத் தெரிந்தெடுத்த தொகுப்பு வேண்டும். இரு வீட்டுப் பெற்றோரோடும் முன்கூட்டிப் பேச நேரம் வேண்டும். இந்த வரலாற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்த ஆலோசகர்கள் கல்விச் சபையில் வேண்டும். இவற்றுக்கான பணத்தையும் பயிற்சி நாட்களையும் இப்போதே கேட்டுப் பெறுவது, அந்தச் சட்டத்துக்காக உழைத்த சமூகத்தின் அடுத்த வேலையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.